மேட்டுப்பாளையம்-பூண்டு-ம

2013 செப்டம்பரில் அவர் எனக்கு அனுப்பிய கடைசி மின்னஞ்சலில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரு லிங்க் மட்டும் இருந்தது. விழுக்காட்டுக் குறியும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக மூன்று வரிக்கு நீண்ட லிங்க். பெங்களூரில் எங்கள் அலுவலகத்தில் ரிலீஸ் வேலை உச்சத்தில் இருந்த வாரம் அது. அப்புறம் படிக்கலாம் என்று நட்சத்திரம் போட்டு வைத்தேன். படிக்கவில்லை. இன்று அந்த லிங்கை அழுத்தினால் இந்தோனேசிய மொழியில் ஒரு சூதாட்டத் தளம் திறக்கிறது.

விழுக்காட்டுக் குறிகளைத் திரும்ப எழுத்தாக்குவது பெரிய வேலை இல்லை. போன மாதம் ஒருநாள் ராத்திரி, தூக்கம் வராமல், செய்து பார்த்தேன். கிடைத்தது இவ்வளவுதான்: மேட்டுப்பாளையம்-பூண்டு-ம. அந்தக் கட்டுரையில் இன்று உலகத்தில் மிச்சம் இருப்பது இந்தப் பாதித் தலைப்பு மட்டுமே.

கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதப்படுவதில் பெரும்பகுதி பிரசாரம். மீதி, எப்படி நிறுவுவது என்ற வழிகாட்டி. நானும் இந்த இரண்டைத்தான் எழுதி வந்திருக்கிறேன். ஒரு நாவலைப் படிப்பதுபோல ஒரு மென்பொருளைப் படித்து, இது யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது, எங்கே பொய் சொல்கிறது, எங்கே தன் வாக்கைக் காப்பாற்றுகிறது என்று கேட்கும் எழுத்து நம்மிடம் குறைவு. அந்த ‘ம’ எனக்கு அதைச் செய்ய ஒரு காரணம் கொடுத்தது. கொஞ்சம் குற்றவுணர்வும் உண்டு, மறைக்கப் போவதில்லை.

அவரை அண்ணா என்றே குறிப்பிடுகிறேன். என் அப்பாவைவிட மூத்தவர், ஆனாலும் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. மேட்டுப்பாளையத்தில் ஒரு பூண்டு மண்டியில் கணக்கு எழுதினார். நீலகிரியிலிருந்து இறங்கும் பூண்டும் உருளைக்கிழங்கும் எங்கள் ஊரில்தான் ஏலம் போகும். இங்கிருந்துதான் லாரி ஏறும். அவர் 2006இல் பிளாக்ஸ்பாட்டில் எழுத ஆரம்பித்தார். காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி தமிழ் வலைப்பதிவர்களை ஒரே திண்ணையில் உட்கார வைத்திருந்த காலம். பின்னவீனத்துவச் சண்டைக்கும் ரஜினி பட விமர்சனத்துக்கும் நடுவே, மூட்டை பிரிக்கும்போது எழும் வாசனையில் பூண்டின் ஈரத்தைச் சொல்லிவிடும் ஒரு கிழவரைப் பற்றி அண்ணா எழுதிய பதிவு வந்து நிற்கும். யாரும் அதை இலக்கியம் என்று சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்தப் பதிவுகளின் முகவரியைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழில் தலைப்பு வைத்தால் பிளாக்கர் அதை முகவரியில் எடுத்துக்கொள்ளாது. ஆங்கில எழுத்து ஒன்றும் இல்லாத தலைப்பு அதன் கண்ணுக்குத் தலைப்பே இல்லை. ‘பிளாக்-போஸ்ட்’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். ‘பிளாக்-போஸ்ட்_23’. காதல் கவிதையும் இரங்கல் குறிப்பும் சாம்பார் செய்முறையும் அதன் பதிவேட்டில் ஒன்றுதான், எண் மட்டும் வேறு. சிறையில் கைதிக்குக் கொடுக்கும் எண் மாதிரி இருக்கிறது என்று அப்போது நான் ஒரு கட்டுரையில் எழுதினேன். இருபது வயதில் அப்படித்தான் எழுத வரும்.

அப்போது நான் கோவையில் பொறியியல் மாணவன். கேனானிக்கல் நிறுவனம் கேட்டவர்களுக்கெல்லாம் உபுண்டு சிடியைத் தபாலில், தபால் செலவுகூட வாங்காமல், அனுப்பிக்கொண்டிருந்தது. 2011 வரை அது நடந்தது. வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை வீட்டுக்கு வந்தபோது என் அம்மா எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்தார். அந்த சிடிகளை நான் வாசகசாலைத் துண்டறிக்கை மாதிரி விநியோகித்தேன். ஒன்று அண்ணாவுக்கு.

“எவ்ளோ கண்ணு?”

“காசே இல்லீங்ணா.”

“காசில்லாம ஒருத்தன் குடுக்கறான்னா அவனுக்கு இதுல என்ன வருதுன்னு கேட்டியா?”

மண்டியில் முப்பது வருஷம் இருந்தவரின் கேள்வி. நான் ஸ்டால்மனின் நான்கு சுதந்திரங்களையும் விளக்கினேன்: எதற்கும் இயக்கலாம், பிரித்துப் படிக்கலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியும் கொடுக்கலாம். அவர் பொறுமையாகக் கேட்டார். “ரிப்பேரு ஆனா யாரு வருவாங்க?” என்றார். நான் வருவேன் என்றேன். இந்தக் கட்டுரையின் விஷயமே அந்த ஒரு சொல்தான் என்று இப்போது தோன்றுகிறது.

உண்மையைச் சொன்னால், லினக்ஸ் அவருக்கு நன்றாகவே உழைத்தது. அவர் இளமையில் தமிழ்த் தட்டச்சுத் தேர்வு எழுதித் தேறியவர். விண்டோஸில் இ-கலப்பை போட்டு, ‘அம்மா’ என்று வருவதற்கு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்த விரல்கள் அவை. லினக்ஸின் உள்ளீட்டு முறைப் பட்டியலில் தமிழ்99, அஞ்சல் இவற்றுக்குக் கீழே பழைய தட்டச்சு விசைப்பலகையும் இருந்தது. தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஒரு நிமிஷம் விரல்களைக் காற்றில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு பத்தி அடித்தார். யாரோ எங்கேயோ சம்பளமில்லாமல் அந்த விசைப்பலகைக் கோப்பை எழுதிச் சேர்த்திருக்கிறார். அவருக்கு மேட்டுப்பாளையம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது. கட்டற்ற மென்பொருள்மீது எனக்கு இன்றும் இருக்கும் அன்பு அந்தப் பத்தியிலிருந்து வருவது.

மறுபக்கமும் இருந்தது. மண்டிக் கணக்கு டேலியில். டேலி விண்டோஸில். ஆகவே எந்த நாளும் அவர் இரண்டு உலகத்துக்கும் மாறிமாறி ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார். ஊரில் எல்லா ஜெராக்ஸ் கடையிலும் நின்ற ஒரு லேசர் பிரிண்டர் லினக்ஸில் அசையவே அசையாது. அதை வேலை செய்ய வைக்க நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தேன். திங்கட்கிழமை கரண்ட் போய் வந்ததும் அது மறுபடி படுத்துக்கொண்டது. இதையெல்லாம் நாங்கள் எங்கள் வழிகாட்டிகளில் எழுதியதில்லை. எந்த டெஸ்க்டாப் அழகு, கினோமா கேடிஈயா என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். பில் அடிக்க வேண்டிய மனிதனுக்கு ஜன்னலின் மூலை வளைவாக இருந்தால் என்ன, கூராக இருந்தால் என்ன?

அடுத்து அவருடைய வலைப்பதிவில் கைவைத்தேன். கூகுளின் கையில் உங்கள் எழுத்து இருக்கிறது, நாளைக்கு மூடிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று பயமுறுத்தினேன். சொந்த டொமைன், சொந்த இடம், அதில் வேர்ட்பிரஸ். வருஷத்துக்கு இரண்டாயிரம் சொச்சம். 2009 தீபாவளி விடுமுறையில் மாற்றிக் கொடுத்தேன். ‘ஐந்து நிமிட நிறுவல்’ என்று வேர்ட்பிரஸ் தன்னைப் பற்றிப் பெருமை சொல்லிக்கொள்ளும். எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. பழைய பிளாக்ஸ்பாட்டை அழித்துவிடலாம், ஒரே பதிவு இரண்டு இடத்தில் இருந்தால் தேடுபொறி தண்டிக்கும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“இருந்துட்டுப் போகட்டும் கண்ணு. சோறா கேக்குது?”

2009க்கு முன் அவர் எழுதியதெல்லாம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது என்றால் அது இந்த ஒரு வாக்கியத்தால்தான்.

இனி அந்த ‘ம’வுக்கு வருகிறேன். வேர்ட்பிரஸ் பிளாக்கரைப் போல இல்லை. தமிழ்த் தலைப்பை மதித்து முகவரிக்குள் எடுத்துக்கொள்ளும். அதைத்தான் நான் அண்ணாவிடம் பெருமையாகக் காட்டினேன். ஆனால் அதன் தரவுத்தளத்தில் முகவரிக்கு ஒதுக்கியிருக்கும் இடம் 200 குறிகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு குறி. தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆக ஒன்றுக்கு 9. இதில் மெய்யும் புள்ளியும் தனித்தனி, உயிர்மெய்யில் அகரமும் காலும் கொம்பும் தனித்தனி. ‘மேட்டுப்பாளையம்’ நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, யூனிகோடுக்கு 15, வேர்ட்பிரஸின் தரவுத்தளத்துக்கு 135. ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்றில் இரண்டு பங்கு இடம் காலி. ஒரு கோடு, 1. ‘பூண்டு’, 54. இன்னொரு கோடு, 1. மொத்தம் 191. மீதி 9 இடம். ஒரே ஒரு குறியீடு நுழையலாம். நுழைந்தது.

அந்த வரம்பை வைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. தமிழைப் பற்றி அவர்கள் யோசிக்கவே இல்லை, அவ்வளவுதான். 200 குறிக்குள் அடங்காத தலைப்பு ஒன்று இருக்க முடியும் என்று ஆங்கிலத்தில் எழுதும் ஒருவருக்குத் தோன்றாது. ஒரு மொழியின் சராசரி வார்த்தை நீளம் தரவுத்தளத்தின் ஒரு நெடுவரிசைக்குள் உறைந்துபோய், உலகத்துக்கே அளவுகோல் ஆகிவிடுகிறது. இலக்கிய விமர்சனத்தில் இதை நாம் உடனே கண்டுபிடிப்போம். வெள்ளைக்காரர் எழுதிய பயணநூலில் நம் ஊர்ப் பெயர் சிதைந்திருந்தால் அதை வைத்து ஒரு கருத்தரங்கமே நடத்துவோம். மென்பொருளில் அதே சிதைவு நம் சொந்தக் கட்டுரையின் நெற்றியில் இருக்கும்போது ‘லிங்க் ரொம்ப நீளமா இருக்கு, சுருக்கி அனுப்புங்க’ என்று கடந்துபோகிறோம். இந்த இதழைப் போன்ற பல தமிழ் இலக்கிய இணைய இதழ்கள் இயங்குவது வேர்ட்பிரஸில்தான். நம் தலைமுறையின் நல்ல சிறுகதைகள் பலவற்றின் முகவரி பாதி வார்த்தையில் வெட்டுப்பட்டோ, அதைத் தவிர்க்க ஆங்கில எழுத்துக்கு மாறியோ நிற்கிறது.

‘நிரல் என்பது கவிதை’ என்பது வேர்ட்பிரஸின் முழக்கம். நான் அதை டீ-ஷர்ட்டில் போட்டுத் திரிந்திருக்கிறேன். கவிதைதான் என்றால் அதில் வெட்டு எங்கே விழுகிறது என்று பார்ப்பது வாசகனின் வேலை. நிரல் திறந்து கிடக்கிறது. எந்தக் கோப்பில் எந்த வரியில் அந்த 200 இருக்கிறது என்று எனக்குத் தெரியும். படிக்கும் சுதந்திரம், மாற்றும் சுதந்திரம் இரண்டும் எனக்கு உண்டு. பதினைந்து வருஷத்தில் ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேனா என்றால் இல்லை. பெங்களூரில் தெருவுக்கு இரண்டு தமிழ்ப் பொறியாளர் இருக்கும் தெருக்களை எனக்குத் தெரியும். நாங்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் முதல் சுதந்திரத்தை மட்டும்: இயக்கும் சுதந்திரம். அதைத்தான் இலவசம் என்று ஊரில் சொல்வார்கள்.

சொல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு விலகல். ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலைக்கும் ஒரே சொல், அதனால் அங்கே அவர்கள் காலமெல்லாம் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்ற’ வேறு. போதாததற்கு ஜெயலலிதா அரசு ‘இலவசம்’ என்ற சொல்லைத் தள்ளிவைத்துவிட்டு ‘விலையில்லா’ என்று மூன்றாவதாக ஒன்றைக் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அதாவது ‘விலையில்லா’ப் பெட்டிக்குள் ‘கட்டற்ற’ ஒன்று. எங்கள் தெருவில் நான்கைந்து வீட்டுக்கு அந்த மடிக்கணினி வந்தது. ஒரு வீட்டிலும் லினக்ஸ் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கொடுத்து, அந்தப் பகுதியை அழித்து, படம் வைக்க இடம் பண்ணிக்கொண்டார்கள். குழந்தைகள்மீது தப்பில்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லை, பாடத்தில் இல்லை, பரீட்சையில் இல்லை. அதற்குச் சில வருஷம் முன்புதான், உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. ஒரு அதிகாரியின் பிடிவாதத்தில் நடந்த காரியம், அவர் மாற்றலாகிப் போனதும் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வாளையாறு தாண்டினால் கேரளத்தில் வேறு கதை. அங்கே பள்ளிக்கூடங்களை லினக்ஸுக்கு மாற்றியவர்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடநூலை அதற்கேற்ப எழுதி, பத்தாம் வகுப்புத் தேர்வையே அதில் நடத்தினார்கள். அண்ணாவின் “யாரு வருவாங்க?” என்ற கேள்விக்கு அங்கே பதில் இருந்தது.

எங்கள் ஊர் ஆட்களுக்கு இது புதிதில்லை. மலைரயில் 1899இல் குன்னூர் வரை போனது. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் அந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 2005இல் யுனெஸ்கோ சொன்னது. அது இன்றும் ஓடுவது யுனெஸ்கோ சொன்னதால் இல்லை. கனமழை பெய்தால் பாதையில் மண் சரியும், மரம் விழும், பாறை உருளும். அன்றைக்கு ரயில் ரத்து. ஆட்கள் மேலே போய் அள்ளிப்போட்டுவிட்டு வருவார்கள். அடுத்த மழைக்கு மறுபடி. அண்ணா அந்த ஆட்களைப் பற்றி ஒரு பதிவு எழுதியிருக்கிறார். பிளாக்ஸ்பாட் காலத்துப் பதிவு, ஆகவே இருக்கிறது.

வேர்ட்பிரஸ் பதிவுகள் என்ன ஆயின என்று சொல்ல வேண்டும். டொமைனை வாங்கும்போது தொடர்புக்கு என் கல்லூரிக் கால மின்னஞ்சலைக் கொடுத்திருந்தேன். அவர் வருஷா வருஷம் ரொக்கமாக என் அப்பாவிடம் கொடுப்பார், நான் இங்கிருந்து கட்டுவேன். 2014 ஐப்பசியில் அண்ணா இறந்தார். நான் அந்த மின்னஞ்சலைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தேன். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் அதில் வரிசையாகக் கிடந்ததை இரண்டு வருஷம் கழித்துத்தான் பார்த்தேன். டொமைன் போனது, ஹோஸ்டிங் கணக்கு அதற்கு முன்பே போயிருந்தது. வேர்ட்பிரஸில் கருவிகள் என்ற பட்டியலில் ‘ஏற்றுமதி’ என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் மொத்தப் பதிவும் ஒரே கோப்பாக இறங்கும். ஐந்து வருஷத்தில் அதை ஒருமுறை அழுத்தியிருந்தால் போதும். அவருடைய வீட்டுக் கணினியை மகன் விண்டோஸுக்கு மாற்றிவிட்டார், அவருக்கும் டேலி வேண்டும். இணைய ஆவணகத்தில் தேடினேன். முகப்புப் பக்கம் மூன்று முறை பிடிபட்டிருக்கிறது, மூன்றும் அந்தச் செப்டம்பருக்கு முந்தியவை. முகப்பில் தலைப்பும் நாலு வரியும்தான் இருக்கும். ‘மேலும் படிக்க’ என்பதை அழுத்தினால் அதற்குமேல் ஒன்றும் இல்லை.

கட்டுண்ட கூகுள் வீட்டில் இருந்தது பிழைத்தது. நான் விடுவித்துக் கூட்டிவந்தது செத்தது.

இதிலிருந்து கூகுள் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. மரத்தடியும் ராயர் காபி கிளப்பும் நடந்த யாஹூ குழுமங்களின் உள்ளடக்கத்தை 2019 டிசம்பரில் யாஹூ துடைத்துப் போட்டது. ஜியோசிட்டிஸ் 2009இல் போனது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. அங்கே நடந்த தமிழ் இலக்கிய வாக்குவாதங்களையும் சேர்த்து. பிளாக்கர் இன்னும் இருப்பது கூகுளுக்கு அதைக் கொல்லத் தோன்றாததால்தான். நிறுவனம் மறந்துபோன அறையில் அண்ணாவின் எழுத்து பத்திரமாக இருக்கிறது. ஒருநாள் யாராவது அந்த அறையைத் திறந்து, எதற்கு இங்கே விளக்கு எரிகிறது என்று கேட்கக்கூடும்.

சொந்த வீடு என்று நான் சொன்னதும் முழு உண்மை இல்லை. 2024 செப்டம்பரில் வேர்ட்பிரஸின் இணை நிறுவனர் மேட் முல்லன்வெக், டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தோடு பகிரங்கமாக மோதினார். வேர்ட்பிரஸின் மையத் தளத்திலிருந்து அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குப் புதுப்பிப்புகள் போவதை அடைத்தார். அவர்களுடைய புகழ்பெற்ற பிளகின் ஒன்றைத் தன் தரப்புக்கு எடுத்துக்கொண்டு பெயரை மாற்றினார். மையத் தளத்துக்குள் நுழைய, அந்த நிறுவனத்தோடு எனக்குத் தொடர்பில்லை என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டியிருந்தது. டிசம்பரில் நீதிமன்றம் தடுத்த பிறகு அதே இடத்தில், பீட்சாவில் அன்னாசி போட்டால் சுவைதான் என்று ஒப்புக்கொள்ளும் கட்டம் வந்தது. சிரிக்கலாம். ஆனால் உலக இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் இயங்கும் ஒரு மென்பொருளின் உரிமம் கட்டற்றதாகவே இருந்தபோதும், புதுப்பிப்பு வரும் குழாய் ஒருவர் கையில் இருந்தது என்பதை அந்தச் சில மாதங்கள் காட்டின. குழாயைப் பற்றி எங்கள் பிரசாரக் கட்டுரைகளில் ஒரு வரி இருந்ததில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்குப் பதில் வேர்ட்பிரஸின் பிறப்புக் கதையிலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. அதற்கு முன்னால் பி2 என்று ஒரு மென்பொருள் இருந்தது. மிஷெல் வால்ட்ரிகி எழுதியது. அவர் அதைக் கவனிப்பதை நிறுத்திவிட்டார். பயன்படுத்தியவர்கள் தவித்தார்கள். 2003இல் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அந்த நிரலை நகலெடுத்து, அதன்மேல் கட்டி, வேர்ட்பிரஸ் என்று வெளியிட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை; ஜிபிஎல் உரிமம் அதை முன்பே கொடுத்திருந்தது. எழுதியவர் போன பிறகும் எழுத்து தொடர்வதற்கான ஏற்பாடு எழுத்துக்குள்ளேயே இருந்தது. அண்ணாவின் பதிவுகளைத் தாங்கிய மென்பொருளுக்கு அந்த ஏற்பாடு இருந்தது, அண்ணாவின் பதிவுகளுக்கு இல்லை.

இல்லை என்பதுகூடச் சரியில்லை. இல்லாமல் செய்தேன். 2011இல் யாரோ அவருடைய பதிவு ஒன்றை அப்படியே எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டார். அண்ணா வருத்தப்பட்டு ஃபோன் செய்தார். நகலெடுக்கும் சுதந்திரத்தைப் பற்றி அவருக்கு வகுப்பெடுத்த அதே ஆள், அன்று ராத்திரியே, வலது கிளிக்கைத் தடுக்கும் பிளகினை நிறுவிக் கொடுத்தேன். மௌஸை அழுத்தினால் ‘காப்பி செய்ய அனுமதி இல்லை’ என்று சிவப்பில் ஒரு பெட்டி எழும். அந்த நாட்களில் தமிழ் வலைப்பதிவுகள் பாதியில் அந்தப் பெட்டி இருந்தது. திருடுகிறவனை அது தடுத்ததில்லை. அவனுக்குப் பக்கத்தின் மூலத்தைப் பார்க்கத் தெரியும். பிடித்த பதிவை ஒரு வேர்ட் கோப்பில் ஒட்டி வைத்துக்கொள்ளும் சாதாரண வாசகரைத்தான் தடுத்தது. அவர்களில் ஒருவர் கையில் ‘பூண்டு’ கட்டுரை இருந்திருக்கலாம்.

இதற்கு நாம் அமெரிக்காவைப் பார்த்துக் கற்க வேண்டியதில்லை. பாரதியின் எழுத்துரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கி, பிறகு அதைப் பொதுவில் விட்டது. எழுத்தாளரின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்கும் வழக்கம் இங்கே இன்னும் நடக்கிறது. நாட்டுடைமையான புத்தகத்தை யாரும் அச்சடிக்கலாம், நடைபாதையில் விற்கலாம். தப்பும் தவறுமாகவும் வரும், ஆனால் வரும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களைத் தன்னார்வலர்களின் தட்டச்சில் இணையத்துக்குக் கொண்டுவந்தது. கணியம் இதழைத் தொடங்கிய த. சீனிவாசனும் நண்பர்களும் 2013இல் ஆரம்பித்த ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டம் இன்னும் நேரடியானது: வலைப்பதிவர்களிடம் கேட்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அனுமதி வாங்கி, பதிவுகளை மின்னூலாக்கிப் பொதுவில் வைக்கிறார்கள். அந்தப் பதிவர்களில் யாருடைய தளம் நாளை போனாலும் புத்தகம் பல இடத்தில் இருக்கும். கட்டற்ற மென்பொருள் இயக்கம் தமிழில் செய்ததில் பெரிய காரியம் எது என்று கேட்டால் உபுண்டு சிடி விநியோகத்தை நான் சொல்ல மாட்டேன், இதைச் சொல்வேன். மென்பொருளுக்குக் கேட்ட சுதந்திரத்தை எழுத்துக்கும் கேட்டார்கள். 2013இல் அண்ணா உயிரோடு இருந்தார். நான் அவரிடம் இதைப் பற்றிச் சொல்லவே இல்லை.

எழுத்தாளருக்குப் பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். விற்கிற புத்தகத்தை விற்கட்டும். நான் பேசுவது விற்க வராத எழுத்தைப் பற்றி. ஒரு ஊரின் பூண்டு வாசனையை ஐம்பது பேருக்காக எழுதி வைத்துவிட்டுப் போகும் எழுத்தைப் பற்றி. அதற்கு வரும் ஆபத்து திருட்டு இல்லை. ஒரே ஒரு நகல்தான் இருக்கிறது என்பது.

போன மாதம் ஊருக்குப் போனபோது அண்ணாவின் மகனைப் பார்த்தேன். பழைய பிளாக்ஸ்பாட் பதிவுகளை இறக்கித் தொகுத்து, கிரியேட்டிவ் காமன்ஸில் போடலாமா என்று கேட்டேன். “போடுங்க, எங்களுக்கென்னங்க. அத இப்ப யாரு படிப்பாங்க?” என்றார். காபி வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இப்போது அந்தப் பதிவுகள் என் கணினியிலும், இரண்டு நண்பர்களின் கணினியிலும், ஒரு பென்டிரைவில் அவர்கள் வீட்டு பீரோவிலும் இருக்கின்றன. மின்னூல் வேலை நடக்கிறது. பிழை திருத்த ஆள் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் இதழின் முகவரிக்கு எழுதுங்கள்.

திருத்தும்போது ஒவ்வொரு பதிவிலும் ‘ம’வில் தொடங்கும் சொல் வந்தால் நின்றுவிடுகிறேன். மண்டியாக இருக்கலாம், அவர் அதிகம் எழுதிய சொல் அதுதான். மணமாக, மழையாக, மலையாக இருக்கலாம். அது முழு ‘ம’ என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அடுத்து வந்த கொம்புக்கோ காலுக்கோ இடமில்லாமல் வெட்டப்பட்ட எழுத்தாகவும் இருக்கலாம்: மூட்டை, மிளகு, மாமூல், மேஸ்திரி. மேஸ்திரி என்றால் வாசனையில் ஈரம் சொல்லும் அந்தக் கிழவரைப் பற்றி அவர் மறுபடி எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். 2007இல் எழுதிய பதிவில் அவருக்கு உடம்பு சரியில்லை என்று முடித்திருந்தார்.